கைப்பிடி முதலில்

ஏர் பிஸ்டலில் காசை இறைக்க வழிகள் நிறைய. கைப்பிடி, டிரிக்கர், முன் சைட், பின் சைட், குழலுக்கு அடியில் மாட்டும் எடைக்கட்டிகள், இரண்டாவது சிலிண்டர், கண்ணாடியில் பொருத்தும் ஐரிஸ் என்று பட்டியல் நீளும். ஆறு மாதம் சுட்ட எவருக்கும் இது மனப்பாடமாகியிருக்கும். என் யோசனை சுருக்கமானது. கைப்பிடி உங்கள் கையில் ஒழுங்காக உட்காரும்வரை மற்ற எதையும் வாங்காதீர்கள். உட்கார்ந்த பிறகு பட்டியலில் பாதி தேவைப்படாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 10 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், 4.5 மி.மீ. பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 33 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் வெட்டுக்குள் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால் இலக்கில் அது 30 மி.மீ. ஆகிவிடும், குண்டு ஏழில் போய் விழும். பத்துக்குள் நிற்க, கால் மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது.

ஆனால் கை மொத்தமும் இடமோ வலமோ 5 மி.மீ. ஆடினால்? இரண்டு சைட்டும் சேர்ந்தே நகர்வதால் இலக்கிலும் 5 மி.மீ.தான். அது இன்னும் பத்துதான். புதிதாக வருகிறவர்கள் கை ஆடுகிறதே என்று பயப்படுகிறார்கள். பாயிண்டைத் தின்பதோ மணிக்கட்டுத் திரும்பல். அது 60 குண்டுக்கும், 75 நிமிடமும், ஒரே கோணத்தில் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிஸ்டலில் அந்த வேலையைச் செய்யும் பாகம் கைப்பிடி ஒன்றுதான்.

சட்டம் எதுவரை விடுகிறது

அரத்தைக் கையில் எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி .177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் ஆறேழு ஜூலைத் தாண்டுவதில்லை. ஆகவே அதன் மரக்கைப்பிடியை வீட்டில் உட்கார்ந்து ராவுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

.22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலின் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற வரையறைக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். அந்தப் பிஸ்டலில் எந்த மாற்றமும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் வழியாக, உங்கள் கிளப்புக்குத் தெரிந்து நடக்கட்டும். தெரிந்த லேத் பட்டறை, நெருங்கிய நண்பர் என்பதெல்லாம் இங்கே செல்லாது. இந்த அத்தியாயம் இனிமேல் பேசுவது ஏர் பிஸ்டலைப் பற்றி மட்டும்.

சட்டத்துக்கு அடுத்து, போட்டி விதி. உலகத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். ஏர் பிஸ்டலுக்கு விதித்திருக்கும் எல்லைகள் இவை. எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. டிரிக்கர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். கைப்பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாண்டிக் கையைத் தொடக் கூடாது. மணிக்கட்டு சுதந்திரமாக இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகை கைப்பிடியோடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். மேல்நோக்கி வளையக் கூடாது. கட்டைவிரல் மேலே எழத் தடை இருக்கக் கூடாது. கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. சுடும் கையில் கைக்கடிகாரம், காப்பு, கயிறு எதுவும் வேண்டாம். கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் அதை மறு கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இவற்றில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது அந்த 50 மி.மீ. அகலத்தில். உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம், கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் என்று பூசிக்கொண்டே போவார்கள். போட்டியன்று பெட்டிக்குள் பிஸ்டல் இறங்காது. ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் அளந்துவிடுங்கள்.

கையை அளப்பது

ஸ்டெயர், மொரினி, பார்டினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் எதை வாங்கினாலும் வால்நட் மரக் கைப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவுகளில் வரும். சுவிட்சர்லாந்தின் மொரினி நிறுவனமே கைப்பிடிகளால் பெயர் வாங்கிய பிறகு பிஸ்டலுக்கு வந்ததுதான். ஜெர்மனியின் ரிங்க் போன்றவர்கள், வெள்ளைத்தாளில் கையை விரித்து வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பினால் அந்த அளவுக்குக் கைப்பிடி செய்து தருகிறார்கள். விலையோடு சுங்க வரியும் சேரும். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இருக்கும் கைப்பிடியைத் திருத்த முடியாது என்று உறுதியான பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

நம் ஊர்க் கைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், நடுத்தர அளவே பெரிதாக இருக்கும். அடுத்த வருஷம் கை வளர்ந்துவிடும் என்று பெரிய அளவை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. செருப்புக்குச் சரி. பிஸ்டலில் அந்த ஒரு வருஷத்தில் பிள்ளை கற்றுக்கொள்ளும் தப்பான பிடியை மறக்கடிக்க இரண்டு வருஷம் ஆகும்.

புதுக் கைப்பிடியோடு சில வாரம் வெற்றுப் பயிற்சி செய்யுங்கள். பெல்லட் இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து. பிறகு இந்தச் சோதனை. பிடியைச் சரியாகப் பிடித்து, கண்ணை மூடி, பிஸ்டலை வழக்கம்போல் உயர்த்தி, மூச்சு விட்டுத் தணித்து, கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் வெட்டுக்கு நடுவே, தலைகள் ஒரே மட்டத்தில் நின்றால் கைப்பிடி உங்களுடையது. ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். காலையில் ஒன்றும் அலுவலகம் விட்டு வந்த மாலையில் ஒன்றுமாக வரும். பல நாள் குறித்துவைத்து, எந்தப் பக்கம் அடிக்கடி ஒதுங்குகிறது என்று பாருங்கள்.

முன் சைட் தாழ்ந்தே நிற்கிறது என்றால், உள்ளங்கையின் அடிப்பாகம் கைப்பிடியைத் தொடும் இடத்தில் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அங்கே சேர்த்தால் பிடியின் கால் முன்னே தள்ளப்பட்டு மூக்கு மேலே ஏறும். எப்போதும் உயர்ந்து நின்றால் அதே இடத்தில் கழிக்க வேண்டும். இடவலப் பிசகுக்கு முதலில் அரத்தைத் தேடாதீர்கள். இப்போது வரும் பிஸ்டல்களில் பலவற்றில் கைப்பிடியைச் சட்டத்தோடு சேர்க்கும் திருகைத் தளர்த்தி, சற்றுத் திருப்பி, மறுபடி முடுக்க வழி இருக்கிறது. திருப்பும் முன் பழைய நிலையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, கை எங்கே தொடுகிறது என்று பார்ப்பது. உள்ளங்கையில் மெல்லிசாக லிப்ஸ்டிக் தடவிப் பிஸ்டலைப் பிடித்து விடுங்கள். தொட்ட இடமெல்லாம் மரத்தில் சிவக்கும். மேக்கப் சாமான் கிடைக்காத தெரு சினிமாப் பேட்டையான நம் கோடம்பாக்கத்தில் இல்லை என்பதால் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. சிவப்பு பரவலாகவும் சீராகவும் இருக்க வேண்டும். ஓரிரு இடத்தில் மட்டும் அழுத்தமாக இருந்தால் அங்கே மேடு. அதை இழைக்க வேண்டும். நடுவில் பெரிய வெற்றிடம் இருந்தால் அங்கே பள்ளம். அதை நிரப்ப வேண்டும்.

சுட்டுவிரல் இருக்கும் பக்கத்தில் மட்டும் நியாயம் தலைகீழ். அங்கே தொடவே கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளி இருக்கட்டும். விரல் மரத்தில் உரசினால், டிரிக்கரை நேராகப் பின்னால் இழுப்பதாக நினைத்துக்கொண்டு பிஸ்டலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். பிடியின் பாரத்தை வாங்க வேண்டியது நடுவிரலும் மோதிரவிரலும். சுண்டுவிரல் சும்மா இருக்கட்டும்.

அடிப்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றி இறக்க ஒரு திருகு இருக்கும். புதியவர்கள் கையை இறுக்கிக் கவ்வும்வரை ஏற்றிவிடுவார்கள். முதல் பத்துக் குண்டு பிரமாதமாக இருக்கும். பிறகு ரத்த ஓட்டம் அடைபட்டு விரல் மரத்துப்போகும், நாடித்துடிப்பு முன் சைட்டில் எகிறும். கை வழுக்காமல் நிற்கும் அளவு போதும்.

ராவுவதும் பூசுவதும்

இந்த வேலையில் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமத்துக்காரர்களுக்குச் சென்னையின் மற்றப் பேட்டைகளுக்கு இல்லாத அதிர்ஷ்டம் ஒன்று உண்டு. சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்குச் செட் போட்ட ஆசாரிகளும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் ஃபைபரிலும் அச்செடுக்கும் மோல்டிங்காரர்களும் இந்தச் சந்துகளில்தான் இருக்கிறார்கள். அட்டைக்கத்தி முதல் டம்மி துப்பாக்கி வரை செதுக்கிப் பழகிய கைகள். இன்றைக்கு மாலைக்குள் வேண்டும் என்றால் மாலைக்குள் தருவார்கள். ஆனால் கேமராவுக்குச் செய்து பழகியவர்கள் என்பதை மறக்காதீர்கள். வெளியே பார்க்க அழகாக வந்தால் அவர்களுக்கு வேலை முடிந்தது. நமக்கு உள்ளே, கை படும் பக்கம் கால் மில்லிமீட்டர் முக்கியம். அதனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பாலீஷ் வேணாம். நான் பென்சில்ல கோடு போட்ட இடத்துல மட்டும் கழிங்க. மிச்சத்தை நான் உப்புத்தாள் போட்டுப் பாத்துக்கறேன்.”

கைப்பிடியை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். பிஸ்டல் வீட்டில் பூட்டிக் கிடக்கட்டும். பட்டறையில் பத்துப் பேர் வந்து வாங்கிப் பார்ப்பார்கள், ஒருவர் செல்ஃபி எடுப்பார், தெருவில் போகிறவர் என்னவோ நினைத்துக் காவல் நிலையத்துக்குப் போன் போடுவார்.

நீங்களே செய்வதானால் சாமான் அதிகம் வேண்டாம். ஒரு அரைவட்ட அரம், ஒரு எலிவால் அரம், 80-இலிருந்து 240 வரை உப்புத்தாள், எம்-சீல், ரப்பர் கையுறை. நிரப்ப வேண்டிய இடத்தில் முதலில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பிப் பாருங்கள். அப்பிய நிலையில் இரண்டு மூன்று நாள் கண்மூடிச் சோதனை செய்து, சரியென்று பட்டால் அதே அளவுக்கு எம்-சீல் வையுங்கள். வைக்கும் இடத்தில் மரத்தின் எண்ணெய்ப் பசையை உப்புத்தாளால் சுரண்டி எடுக்காவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்காமல் உரிந்து வரும். ஈரமாக இருக்கும் பூச்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் கையை வைத்துச் சாதாரண அழுத்தத்தில் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் இறுகிய கையின் அச்சுத்தான் விழும். பூச்சு கெட்டியாவதற்குள் கையை எடுத்து, மறுநாள் வரை தொடாமல் விடுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். அதோடு ஒரு வாரமாவது சுடுங்கள். மூன்று இடத்தை ஒரே இரவில் மாற்றிவிட்டு ஸ்கோர் கூடினாலும் குறைந்தாலும், எதனால் என்று உங்களுக்கே தெரியாது. கழித்த மரம் திரும்பி வராது. சேர்த்ததைச் சுரண்டி எடுத்துவிடலாம். சந்தேகம் வந்தால் சேர்க்கும் வழியிலேயே போங்கள்.

கடைசிப் பூச்சாக வார்னிஷ் அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், பளபளப்பாக இருக்குமே என்று. சென்னைப் புழுக்கத்தில் வார்னிஷ் போட்ட பிடி பதினைந்தாவது நிமிடத்தில் வழுக்கத் தொடங்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்துக் காயவிட்டால் போதும். வியர்வை மரத்துக்குள் இறங்காது, சொரசொரப்பும் கெடாது. ஐப்பசி மழையில் மரம் கொஞ்சம் ஊதும். சித்திரையில் சரியாக இருந்த பிடி அப்போது இறுகினால் உடனே அரத்தை எடுக்காதீர்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்து ஒரு வாரம் பாருங்கள்.

இடதுகைக்காரர்களுக்குத் தயாராகக் கிடைப்பது குறைவு. ஆனால் இந்த விளையாட்டின் பெரிய கதையே இடதுகைக் கதைதான். ஹங்கேரியின் காரோய் தகாச், 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலது கையில் படுகாயம் அடைந்தார். இடது கையால் சுடக் கற்றுக்கொண்டு 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வலதுகைப் பிடியை ராவி இடதுகைக்கு மாற்ற முடியாது. இடதுகைப் பிடி என்று கேட்டே வாங்குங்கள்.

மற்றவை, சீக்கிரமாக

டிரிக்கரை 500 கிராமில் நிறுத்தாதீர்கள். 510, 520-இல் வையுங்கள். தூசியிலும் ஈரப்பதத்திலும் பத்துக் கிராம் இப்படி அப்படி ஆகும். போட்டி முடிந்த பிறகு குலுக்கலில் உங்கள் பெயர் வந்து டிரிக்கர் எடை குறைந்ததாகத் தெரிந்தால் தகுதி நீக்கம். சோதிக்கத் தனிக் கருவி வேண்டுமென்பதில்லை. பெல்லட் இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, குழல் செங்குத்தாக மேலே நோக்க, கனமான நூலில் கட்டிய அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை டிரிக்கரால் தூக்கிப் பாருங்கள். சமையலறைத் தராசில் பாட்டிலோடு நிறுத்து, சரியாக 500 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும். டிரிக்கருக்கு உள்ளே இருக்கும் எஃகை உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளியே இருக்கும் திருகுகளே போதும்.

முன் சைட்டின் அகலமும் பின் சைட்டின் வெட்டும் மாற்றத்தக்கவை. இருபுறமும் தெளிவாக வெளிச்சக் கோடு தெரிகிற அளவுக்கு வெட்டை அகட்டுங்கள்; நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. லென்ஸை, ஃபில்டரைப் பிஸ்டலில் மாட்டக் கூடாது, கண்ணாடியில் போடலாம். லேசரும் டாட் சைட்டும் இந்தப் பிரிவில் இல்லை. மூடும் கண்ணுக்கு முன்னால் வைக்கும் மறைப்பு 30 மி.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும்.

எடைக்கட்டி கடைசி. மூக்கில் பத்து இருபது கிராம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், உண்மைதான். நாற்பதாவது குண்டில் தோள் அதற்கு வட்டி கேட்கும். தோளுக்கு மூன்று மாதம் உடற்பயிற்சி கொடுத்த பிறகு மாட்டுங்கள்.

சிலிண்டரில் பார்க்க வேண்டியது தேதி. தயாரித்துப் பத்தாண்டு ஆனால் போட்டியில் அனுமதி இல்லை. பழைய பிஸ்டலைச் சல்லிசாக வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு விலை பேசுங்கள். கைப்பம்பில் காற்றடிப்பவர்கள் சென்னையின் ஈரத்தையும் சேர்த்தே உள்ளே அடைக்கிறார்கள். கிளப்பில் இருக்கும் உலர்காற்றுச் சிலிண்டரிலிருந்து நிரப்புவது மேல்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோவது

சென்னை ரைஃபிள் கிளப் எழும்பூரில், பழைய போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. கோடம்பாக்கத்திலிருந்து மின்ரயிலில் மூன்றாவது நிறுத்தம். டாக்சியில் போகிறவர்கள் ‘பழைய’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித்குமார் கிளப்புக்குக் கிளம்பி, டாக்சி வேப்பேரியில் உள்ள புதிய கமிஷனர் அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தியது செய்தியானது. அடுத்த மாதமே மாநிலப் போட்டியில் அவர் ஆறு பதக்கம் வாங்கினார். அதற்குப் பிறகு கோடம்பாக்கத்தில் துப்பாக்கி சுடுதல் என்றால் சினிமாச் சண்டை மட்டும் நினைவுக்கு வருவதில்லை. டெல்லியில் 2021-இலும் கெய்ரோவில் 2022-இலும் உலகக் கோப்பை ஏர் பிஸ்டல் அணித் தங்கங்களில் பங்கு வகித்த நம் ஸ்ரீ நிவேதா பரமானந்தத்தின் பெயரும் அதே அளவுக்குத் தெருவில் அடிபட்டிருக்க வேண்டும்.

பிஸ்டலைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில், குண்டறையில் பெல்லட் இல்லாமல் எடுத்துப் போங்கள். ரசீது நகல், கிளப் அடையாள அட்டை இரண்டும் பெட்டிக்குள் இருக்கட்டும்; ரயில் நிலையத்தில் யாராவது கேட்டால் பெட்டியைத் திறக்கும் முன் இவற்றைக் காட்டலாம். விமானத்தில் போவதானால் சிலிண்டரைக் காலி செய்து, முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியில் பெல்லட்டோடு ஆலன் சாவிகள், உபரித் திருகுகள், ஓ-ரிங்குகள், மின்டிரிக்கர் என்றால் மாற்று பேட்டரி. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் கோளாறானது. சரிசெய்து திரும்புவதற்குள் சுமார் 20 நிமிடம் போய்விட்டது. 575 புள்ளியோடு 12-ஆம் இடம். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். உலகத்தரப் பிஸ்டலுக்கும் இது நடக்கும் என்பதால், கிளப்பில் உங்கள் ரகப் பிஸ்டலையே வைத்திருப்பவர் யார் என்று தெரிந்துவைத்து, போட்டியன்று அவர் எந்த ரிலேயில் சுடுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடன் வாங்கும் பிஸ்டலும் உபகரணச் சோதனைக்குப் போய்வர வேண்டும். உங்கள் கைப்பிடி அதன் சட்டத்தில் ஏறுமா என்று முந்தின வாரமே மாட்டிப் பாருங்கள். ஏறினால் சோதனைக்கு இரண்டு பிஸ்டலையும் அந்தக் கைப்பிடியோடு காட்டி, இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொள்ளலாம்.